அஞ்சல் வருகிறது, அனுப்பினால் போகவில்லை: சொந்த டொமைன் மின்னஞ்சலைத் தண்டர்பேர்டில் சரியாக அமைத்தல்

கேள்வி: பேரணாம்பட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்துக் கொடுக்கும் சிறு தொழிற்கூடம் நடத்துகிறோம். நிறுவனத்தின் பெயரில் டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்கி, வேறொரு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் மின்னஞ்சல் சேவை எடுத்திருக்கிறோம். அலுவலகக் கணினியில் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளை நிறுவிக் கணக்கைச் சேர்த்தோம். அஞ்சல் வருகிறது, அனுப்பினால் போகவில்லை. சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கையும் வருகிறது. இரண்டு வாரத்துக்கு முந்தைய அஞ்சல்கள் செல்பேசியில் காணாமல் போகின்றன. பிரௌசர் வழியாக அனுப்புபவையும் சென்னை பெரியமேட்டு ஏஜெண்டுக்கும் வெளிநாட்டு பையர்களுக்கும் ஸ்பேமில் விழுகின்றன. என்ன செய்வது?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் நான்கு சிக்கல்களில் மூன்று தண்டர்பேர்டின் அமைப்பில் இருக்கின்றன; நான்காவது உங்கள் டொமைனின் பதிவுகளில் இருக்கிறது. அதைத் தண்டர்பேர்டில் எவ்வளவு தேடினாலும் தீர்க்க முடியாது. ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். செல்பேசியில் பழைய அஞ்சல்கள் மறைவதிலிருந்து, அலுவலகக் கணினியில் கணக்கு பாப் முறையில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். பாப் முறை அஞ்சலைக் கணினிக்கு இறக்கிக்கொண்டு, குறிப்பிட்ட நாள்களுக்குப் பிறகு சர்வரிலிருந்து நீக்கிவிடும். அந்த வரம்பு பெரும்பாலும் 14 நாள். அதாவது, உங்கள் பழைய ஆர்டர்களும் இன்வாய்ஸ்களும் இப்போது அந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கக்கூடும். எனவே வேறெதையும் தொடுவதற்கு முன், சர்வரிலிருந்து நீக்கும் அந்தத் தேர்வை நிறுத்துங்கள். தண்டர்பேர்டை மூடிவிட்டு அஞ்சல்களும் அமைப்புகளும் இருக்கும் அதன் புரொஃபைல் கோப்புறை முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.

இதற்கு மாற்று ஐமேப்: அஞ்சல்களை சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோலக் காட்டும் முறை. பாப் கணக்கை அப்படியே ஐமேப் கணக்காக மாற்றத் தண்டர்பேர்டில் வழியில்லை. அதே முகவரியை ஐமேப் கணக்காகப் புதிதாகச் சேர்த்து, பழைய கணக்கின் அஞ்சல்களைப் புதிய கணக்கின் கோப்புறைகளுக்குள் இழுத்து விட வேண்டும். அவை சர்வருக்கு ஏறிய பிறகு செல்பேசியிலும் தெரியும். ஏற்றுவதற்கு முன் சர்வரில் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா அஞ்சலும் செல்பேசியில் வந்து சேர்ந்ததை உறுதிசெய்யும் வரை பழைய கணக்கை அழிக்க வேண்டாம். ஒரே முகவரியை முதலாளி, கணக்கர், மேற்பார்வையாளர் என்று பலர் பார்க்கும் தொழிற்கூடத்துக்கு ஐமேப் தவிர வேறு முறை பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

புதிய கணக்கைச் சேர்க்கும்போது தண்டர்பேர்டு தானாகக் கண்டுபிடித்துத் தரும் அமைப்பை ஏற்காமல், கைமுறை அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சிறிய ஹோஸ்டிங் நிறுவனங்களின் சர்வர்களைப் பொறுத்தவரை அது பல சமயம் ஊகம்தான். வரும் அஞ்சலுக்கு ஐமேப், போர்ட் (சர்வரின் நுழைவாயில் எண்) 993, பாதுகாப்பு (இணைப்பை மறையாக்கும் முறை) எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். போகும் அஞ்சலுக்கு எஸ்எம்டிபி, போர்ட் 465, பாதுகாப்பு அதே எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். அல்லது போர்ட் 587, பாதுகாப்பு ஸ்டார்ட்டிஎல்எஸ். இந்த இணைகளை மாற்றிப் போட்டால், 465-உடன் ஸ்டார்ட்டிஎல்எஸ் வைத்தால், பிழைச்செய்தி எதுவும் தெளிவாக வராமல் நெடுநேரம் காத்திருந்து இணைப்பு முறிந்துவிடும். போர்ட் 25 சர்வர்கள் தமக்குள் அஞ்சல் மாற்றிக்கொள்வதற்கானது. வீட்டு, அலுவலக இணைப்புகளில் அதைப் பல இணைய நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன.

அனுப்புவதில் பிழை வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பயனர் பெயர் என்ற இடத்தில் முகவரியின் முற்பகுதியை மட்டும் எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்களில் முழு முகவரியையும் எழுத வேண்டும். அனுப்பும் சர்வருக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவை என்பதால், உள்நுழைவு முறையை ‘எதுவுமில்லை’ என்று விடக் கூடாது. பிழைச்செய்தியில் 535 என்ற எண் இருந்தால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. ரிலே (அஞ்சலை வெளி முகவரிக்குக் கடத்துவது) மறுக்கப்பட்டது என்று வந்தால், சர்வர் உங்களைத் தன் பயனராகவே அறியவில்லை. இணைப்பு நேரம் கடந்தது என்று வந்தால் போர்ட்டையும் பாதுகாப்பு முறையையும் பாருங்கள். இந்த மூன்றையும் பிரித்தறிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சான்றிதழ் எச்சரிக்கையைப் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஒரே சர்வரில் பல வாடிக்கையாளர்களின் டொமைன்கள் இருக்கும். சர்வர் தான் யார் என்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழோ அந்த நிறுவனத்தின் சர்வர் பெயரில் இருக்கும். நீங்கள் சர்வர் பெயராக உங்கள் டொமைனை எழுதியிருந்தால் இரண்டும் பொருந்தாமல் எச்சரிக்கை வரும். ஹோஸ்டிங் நிறுவனம் தந்த சர்வர் பெயரை, வருவதற்கும் போவதற்கும் அப்படியே எழுதுங்கள், எச்சரிக்கை நின்றுவிடும். அதை விட்டுவிட்டு விதிவிலக்கை உறுதிசெய்யும் பொத்தானை ஒருபோதும் அழுத்தாதீர்கள். அப்படி அழுத்துவது, எதிரில் இருப்பது யார் என்று பாராமல் கடவுச்சொல்லைக் கொடுப்பதாகும். ஏற்றுமதித் தொழிலில் அஞ்சல் பெட்டிக்குள் புகுந்து, பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக பையருக்கு எழுதும் மோசடி உண்மையாகவே நடக்கிறது. இதை வெறும் தொழில்நுட்ப நுணுக்கம் என்று எண்ண வேண்டாம்.

இனி ஸ்பேம். உங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று டிஎன்எஸ் பதிவுகள் (டொமைனைப் பற்றி இணையத்தில் எவரும் படிக்கக்கூடிய குறிப்புகள்) தேவை. உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு உரிமை உண்டு என்பதை எஸ்பிஎஃப் அறிவிக்கிறது. அஞ்சல் ஒவ்வொன்றிலும் சர்வர் இடும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி டிகிம் பதிவில் இருக்கிறது. இவற்றில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று பெறுபவரிடம் டிமார்க் சொல்கிறது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும், தங்களுக்கு அஞ்சல் அனுப்பும் எவரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கின்றன. பெரும் எண்ணிக்கையில் அனுப்புவோருக்கு மூன்றுமே கட்டாயம்.

பதிவுகளின் வாசகங்களை ஹோஸ்டிங் நிறுவனம் தரும். எங்கே பதிவது என்பதில்தான் உங்களைப் போன்றவர்களுக்குக் குழப்பம் வருகிறது. டொமைன் ஓரிடத்திலும் மின்னஞ்சல் வேறிடத்திலும் இருக்கும்போது, டொமைனின் நேம்சர்வர் (அதன் பதிவுகளை இணையத்துக்குத் தரும் சர்வர்) எந்த நிறுவனத்தைக் காட்டுகிறதோ அங்கேதான் பதிய வேண்டும். மற்ற இடத்தில் பதிந்தது உலகின் கண்ணுக்கே தெரியாது. எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறுபவர் அதைப் பிழையாகவே கொள்வார். ஆகவே தேவையான சர்வர்களை ஒரே பதிவுக்குள் சேருங்கள். டிமார்க்கை முதலில், தேறாத அஞ்சலையும் தடுக்காத கண்காணிப்பு நிலையில் வையுங்கள்.

சில மணி நேரம் கழித்து, தண்டர்பேர்டிலிருந்து ஒரு ஜிமெயில் முகவரிக்கு அஞ்சல் அனுப்புங்கள். அதை ஜிமெயிலில் கணினி வழியாகத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் அஞ்சலின் அசல் வடிவத்தைக் காட்டும் வரியைத் தேர்ந்தெடுத்தால், மூன்று பதிவுகளும் தேறினவா என்று மேலேயே எழுதியிருக்கும். மூன்றும் தேறிச் சில வாரங்கள் தடையின்றிச் சென்ற பிறகு, டிமார்க்கைக் கண்காணிப்பிலிருந்து, தேறாத அஞ்சலை ஸ்பேமில் ஒதுக்கும் நிலைக்கு உயர்த்துங்கள். உங்கள் டொமைனை அப்படியே போட்டுப் பிறர் எழுதும் போலி அஞ்சல் பையரின் இன்பாக்ஸை எட்டாமல் தடுக்க அது பெரிதும் உதவும்.