பார்த்த கண்ணும் கணக்கில் சேரும்

கேள்வி: எங்கள் தோட்டத்து ரப்பர் பாலை விடியற்காலையில் மெட்ரோலாக்கில் (பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று காட்டும் மிதவைக் கருவி) பார்த்தேன். 120 காட்டியது. மூன்றால் பெருக்கினால் லிட்டருக்கு 360 கிராம் ரப்பர். வாங்க வந்தவரோ, “ராத்திரி தூங்காமல் பார்த்த அளவு, 330தான் போடுவேன்” என்கிறார். தூங்காதது உண்மை. ஆனால் பாலும் மாறவில்லை, கருவியும் மாறவில்லை. ஆதாரம் அப்படியே இருக்க, என் முடிவை நான் ஏன் சந்தேகிக்க வேண்டும்?
— ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: பாலைப் பற்றிய ஆதாரம் மாறவில்லைதான். அதைப் படித்தவரைப் பற்றி ஒரு செய்தி சேர்ந்திருக்கிறது, அதுவும் ஆதாரமே. ஓர் அறிவை அது வந்தபடியே நம்பலாம் என்று வாதிட்டவர்கள் மீமாம்சகர்கள், அதாவது வேதத்துக்குப் பொருள் காண முனைந்த பழைய இந்தியத் தத்துவ மரபினர். அவர்களே இரண்டு விலக்கு வைத்தார்கள்: எதிரான வேறோர் அறிவு வந்தால், அல்லது அறிவு பிறந்த காரணத்தில் குறை தெரிந்தால், நம்பக்கூடாது. காமாலைக் கண்ணுக்குச் சங்கு மஞ்சளாகத் தெரிவது இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு. உங்கள் தூக்கமின்மையும் அந்த வகைதான்.

வாங்க வந்தவர் தவறுவது அடுத்த படியில். இந்தக் குறை உங்கள் 360-ஐத் தளர்த்துகிறது. அவருடைய 330-ஐ நிறுவவில்லை. சரியான அளவு 370 ஆகவும் இருக்கலாம். சந்தேகம் வந்ததற்காக விலையை விட்டுக்கொடுக்காதீர்கள். திரும்ப அளக்கச் சொல்லுங்கள்.

தூக்கக் கலக்கம் பிழையை உண்டாக்குவதோடு, பிழையைக் கண்டுபிடிக்கும் திறனையும் குறைத்துவிடும். எனவே “எனக்குத் தெளிவாகத் தெரிந்தது” என்பது சாட்சி ஆகாது. அதே கலக்கத்தில் பெருக்கலை மூன்று தடவை போட்டுப் பார்ப்பதிலும் பயனில்லை. பிழை பெருக்கலுக்கு முன்பே நுழைந்திருக்கலாம். அளக்கும் முன் ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலக்க வேண்டும்; மூன்றால் பெருக்குவது அதனால்தான். தண்ணீர் குறைந்தால் அளவு கூடிக் காட்டும். நுரையை வழித்தெடுக்காவிட்டால் தண்டில் பால் தொடும் கோடு மறைந்து, நுரையின் விளிம்பைப் படித்துவிடுவோம். அங்கே 4 பிசகினால் முடிவில் 12 பிசகும். நூறு லிட்டரில் அது 1.2 கிலோ ரப்பர்.

வேறு வழியில் சரிபார்ப்பதுதான் தீர்வு. பீப்பாயை அடிவரை கலக்கி மாதிரி எடுங்கள். அதில் 10 கிராமைத் துல்லியமாக நிறுத்து, தண்ணீர் சேர்த்து, அசெட்டிக் அமிலம் விட்டு உறைய வைத்து, மெல்லிய தகடாக அழுத்திக் கழுவி, 70 டிகிரி சூட்டில் எடை குறையாத நிலை வரும்வரை உலர்த்த வேண்டும். 3.6 கிராம் நின்றால் 36 சதவீதம். இது எடைக்கு எடை என்பதைக் கவனியுங்கள். லிட்டர் பால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும் என்பதால், 36 சதவீதம் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 350 கிராம்தான். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துச் சண்டை போடுகிறவர்கள் உண்டு.

இருபது நாளைக்கு மெட்ரோலாக் அளவு, உலர்ந்த எடை, முந்தைய இரவு தூங்கிய நேரம் மூன்றையும் ஏட்டில் எழுதி வாருங்கள். தூங்காத நாள்களிலும் இரண்டு அளவும் ஒட்டியே வந்தால், அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிடலாம். ஏட்டையே சந்தேகிக்கலாமே என்றால், குறிப்பான காரணம் இருந்தால் சந்தேகியுங்கள். ‘தப்பாகவும் இருக்கலாமே’ என்பது மட்டும் காரணமாகாது.

அவருடைய 330 எந்தக் கருவியில், எந்தக் கலவையில் வந்தது, அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதையும் கேளுங்கள்.