கடலூர் முதுநகர் அம்மாவுக்கு: பையனின் கல்லூரிச் செலவு

அம்மா, போன வாரம் என் மேசைமேல் நீங்கள் கொட்டிய துணிப்பையை இன்னும் மறக்கவில்லை. ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், நாலாக மடித்து மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்த ஒரு தாள். "ஆகஸ்டில் தம்பிக்குப் பதினெட்டு முடியுது சார். மாசப் பணம் நின்னுடுமாம். நான் காலேஜுக்கு எங்கே போவேன்?" என்றீர்கள். அன்று கூட்டம் அதிகம், அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை எழுதி அனுப்புகிறேன்.

பெற்றோரை இழந்த பிள்ளையை வீட்டில் வைத்து வளர்ப்பதற்கு, அதாவது வளர்ப்புப் பராமரிப்புக்கு, உங்களுக்கு வரும் மாதம் 4,000 ரூபாய் பதினெட்டோடு நிற்கும், அது உண்மை. ஆனால் அதற்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது. பிற்காப்பு என்பார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 46ஆம் பிரிவு அது. 21 வயது வரை உதவி கேட்கலாம். சில நேரம் விதிவிலக்காக இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிக்கவும் விதியில் இடமுண்டு. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் இதற்கும் மாதம் 4,000 ரூபாய்தான். தானாக வந்து சேராது, மனு போட வேண்டும். சட்டம் பேசுவது குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகளைப் பற்றி. அதனால் உங்கள் வீட்டுக்கு வருமுன் அவன் இல்லத்தில் இருந்த ஆண்டுகளை மனுவில் முதலிலேயே எழுதுங்கள், இல்லத்தின் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். பிறந்தநாளுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஜூன் மாதமே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

அந்தக் கிழிந்த தாள் என்ன தெரியுமா? குழந்தைகள் நலக் குழு உங்களிடம் அவனை ஒப்படைத்த ஆணை. இனி அவன் போகும் எல்லா அலுவலகத்திலும் அதைத்தான் கேட்பார்கள். அப்பா பெயர், அப்பா வருமானம், அப்பா சாதிச் சான்று என்று கட்டம் கட்டமாகக் கேட்கும் படிவங்களில் அவனிடம் அதற்குப் பதிலாக இருப்பது அந்த ஒரு தாள்தான்.

இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. ஆதாரில் அவன் பெயருக்கு முன்னால் 'ர', மதிப்பெண் சான்றிதழில் 'மு'. உங்கள் வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்தை ஆசையாகப் போட்டிருக்கிறீர்கள், தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் உதவித்தொகை ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும், எழுத்து ஒத்துப் போகாவிட்டால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். மதிப்பெண் சான்றிதழை மாற்றுவது பெரிய அலைச்சல். ஆதாரைத் திருத்துங்கள். பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள், பெயர் அவனுடையது.

சாதிச் சான்றுக்கு வருவோம். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகளைத் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். பலருக்கு இது தெரியாது. அவன் ஏழு வயதில் இல்லத்துக்கு வந்தவன், அதனால் கேட்டுப் பார்க்கலாம். அவசரம் மட்டும் வேண்டாம். பெற்றவர்களின் சாதிக்கு ஆதாரம் இல்லக் கோப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆதிதிராவிடர் என்று இருந்தால், மேல்படிப்பு உதவித்தொகைக்கு அந்தச் சான்றுதான் அதிகம் பயன்படும்.

அப்புறம் கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாக உங்களிடம் சொன்ன அந்த ஏஜென்ட். 'ஏழரை சதவீதத்தில் ஃப்ரீ சீட், முன்பணம் இருபத்தைந்தாயிரம் மட்டும்' என்றாராம். ஃப்ரீ என்றால் முன்பணம் எதற்கு? அரசுப் பள்ளி மாணவர்களுக்கான அந்த ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேருபவருக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுவது உண்மைதான். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உங்கள் பையன் ஆறும் ஏழும் படித்தது அரசு உதவி பெறும் பள்ளியில், அதனால் இது அவனுக்குக் கிடைக்காது. அவர் சொன்ன கல்லூரி புதுச்சேரியில் வேறு இருக்கிறது. தமிழ்நாட்டின் ஒதுக்கீடு அங்கே செல்லாது. புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக்கிலோ, அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குப் புதுச்சேரி வசிப்பிடம் கேட்பார்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பொறியியல்தான் வேண்டும் என்றால் கவுன்சிலிங்கில் பதிவு செய்யட்டும். பண்ருட்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது, தினமும் பஸ்ஸில் போய் வரலாம். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்ற முதல் பட்டதாரிச் சான்றை இ-சேவையில் விண்ணப்பித்து வாங்கினால், கவுன்சிலிங் வழியாகச் சேரும் இடத்துக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அந்த விண்ணப்பத்தோடும் குழுவின் ஆணையை இணையுங்கள்.

என்னைக் கேட்டால், செம்மண்டலம் அரசு ஐடிஐயையும் அவன் ஒரு நாள் போய்ப் பார்த்து வரட்டும். ஃபிட்டர் இரண்டு வருஷம். கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. முடித்தபின் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அது வேலைக்கு உத்தரவாதம் இல்லை, பயிற்சி மட்டும்தான், ஆனால் கையில் காசு வரும். ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டும், டிப்ளமோ முடித்தவன் பொறியியலில் நேரடி இரண்டாம் ஆண்டும் சேரலாம். சுற்று வழிதான், கடன் இல்லாத வழி. 'இவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்து ஐடிஐயா?' என்று நீங்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. உங்களைவிட அவன் என்ன நினைக்கிறான் என்பதே எனக்கு முக்கியம். அன்று அவன் வாயே திறக்கவில்லை, கவனித்தேன்.

எங்கே சேர்ந்தாலும், தமிழ்நாடு அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரியிலேயே பதியச் சொல்லுங்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது உண்டு. வங்கிக் கடன் கடைசியில்தான். நாலு லட்சம் வரை சொத்துப் பிணை கேட்க மாட்டார்கள், ஆனால் கூடக் கையெழுத்துப் போடுபவர் நீங்கள், கடனும் உங்களுடையதுதான்.

அடுத்த திங்கட்கிழமை வேண்டாம், கலெக்டர் ஆபீஸில் மனு நாள் கூட்டம் இருக்கும். செவ்வாய் காலையில் பையனோடு வாருங்கள். அந்த ஆணையை லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் முத்திரையும் தேதியும் இருக்கின்றன, அசலைத் தொட்டுப் பார்க்கிற அலுவலர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் உறையும் பத்து ஜெராக்ஸும் போதும்.