பெருமாள் எந்தப் பக்கம் நிற்கிறார்?

அன்புள்ள சார்,

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். பிளஸ் டூ முடித்துவிட்டேன். பி.எஃப்.ஏ. ஓவியம் படிக்க ஆசை. அப்பா பி.காம். சேரச் சொல்கிறார். “யூடியூப்லயே எல்லாம் இருக்கு, படம் வரைய நாலு வருஷமா?” என்கிறான் அண்ணன். படித்தால் வேலை கிடைக்குமா? சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியா, கும்பகோணம் கல்லூரியா? நான் பென்சிலில் வரைந்த ஒரு நடிகரின் படத்தை இணைத்திருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாரும் “அச்சு அசல் போட்டோ மாதிரியே இருக்கு” என்கிறார்கள்.

சு.

அன்புள்ள சு,

நீ என்றே எழுதுகிறேன், என் மகளைவிடச் சின்னவள்.

சென்னையா கும்பகோணமா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? இரண்டுக்கும் விண்ணப்பம் போடு. வரையச் சொல்லித் தேர்வு வைப்பார்கள், எதில் கிடைக்கிறதோ அதில் சேர். கோயில் சிற்பம் பிடிக்குமென்றால் மாமல்லபுரத்தில் தனிக் கல்லூரியே உண்டு. மதுரையில் பாட்டுப் படிக்க அரசுக் கல்லூரி இருக்கிறது, படம் படிக்க இல்லை. இத்தனை சிலையை வைத்துக்கொண்டு இந்த ஊருக்கு இந்தக் கதி. அதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், விடு.

வேலை. சென்னைக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரது மாணவர்களும் 1966-இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். படம் விற்காத நாளில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற பத்திக் துணியும் தோல் வேலையும் செய்து விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. உன் அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தை என்னால் தீர்க்க முடியாது. ஆனால் பி.காம். படித்தவர்கள் எல்லாரும் பங்களா கட்டிவிட்டார்களா என்று கேட்டுப் பார். நான் பி.காம். தான்.

இப்போது உன் படம். கோபித்துக்கொள்ளாதே. கை சுத்தமாக இருக்கிறது. தாடியில் ஒவ்வொரு முடியும் தெரிகிறது. அந்தக் கண்ணுக்குள் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம் விட்டிருக்கிறாயே, அது என்ன என்று யோசித்தாயா? போட்டோ எடுத்த ஸ்டூடியோவின் லைட். ஒரு மனிதன் முகத்தைப் பார்த்து நீ வரையவில்லை. கேமரா பார்த்து முடித்ததைப் படி எடுத்திருக்கிறாய். “அச்சு அசல் போட்டோ மாதிரி” என்று யாராவது இனிமேல் சொன்னால் அதைப் பாராட்டு என்று வாங்கி வைத்துக்கொள்ளாதே.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் சித்தப்பா சினிமா பேனர் வரைந்தவர். சிம்மக்கல் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிதாகத் துணியில் போட்டு, இருபதடி முகத்தை இரண்டு நாளில் இறக்குவார். ஆயுசு முழுக்கப் போட்டோவைப் பார்த்து வரைந்தவர்தான். அவரிடம், பன்னிரண்டு வயதில், பத்திரிகை அட்டையைப் பார்த்துக் கட்டம் போட்டு வரைந்த படத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். பார்த்தார். பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டே கேட்டார்.

“நேத்து கோயிலுக்குப் போனேல்ல? கம்பத்தடி மண்டபத்துல மீனாட்சி கல்யாணம் இருக்கே, பெருமாள் எந்தப் பக்கம் நிக்கிறாரு?”

வாரா வாரம் பார்ப்பது. எங்கள் வீட்டு காலண்டரிலும் அதுதான். குத்துமதிப்பாக ஒரு பக்கத்தைச் சொன்னேன்.

“எந்தக் கையால தாரை வாக்குறாரு? அந்தப் புள்ள எங்க பாக்குது?”

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்தது, தலை குனிந்திருக்கும். அது பாட்டி சொல்லித் தெரிந்தது, நான் பார்த்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். பேப்பர் கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கும் குங்குமமும் ஏறிய அந்தத் தூணுக்கு எதிரே அரை மணி நேரம் நிற்க வைத்தார். வருகிறவர்கள் எல்லாம் இடித்துவிட்டுப் போகிறார்கள். பிறகு பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து வரையச் சொன்னார். முதல் வாரம் எனக்கு வந்தது மூன்று கிரீடங்கள், கீழே மூட்டைகள். கை ஒன்றுகூட இல்லை. “கையில்லாமக் கல்யாணமாடா?” என்றார், அவ்வளவுதான். அடுத்த வாரம் கைகளை மட்டும் பார்த்தேன். மீனாட்சியின் கையை சுவாமி வாங்கியிருக்கிறாரே, பிடித்திருக்கிறாரா, தாங்கியிருக்கிறாரா? ஏழு வெள்ளிக்கிழமை ஆனது. அந்த ஏழாவது படம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். விரல்கள் வெண்டைக்காய் மாதிரி இருந்தன. ஆனால் தாங்குகிற கை.

உன் அண்ணனுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. யூடியூபில் எல்லாம் இருக்கிறது, உன் எதிரே மூச்சுவிட்டுக்கொண்டு ஒரு ஆள் மட்டும் இல்லை. கல்லூரியில் ஒரு மாடலை உட்கார வைப்பார்கள். முதல் அரை மணி நேரம் நிமிர்ந்து இருப்பார். அப்புறம் ஒரு தோள் இறங்கும். வெயில் ஜன்னல் மாறும். காலையில் போட்ட கோடு பதினொரு மணிக்குப் பொய்யாகிவிடும், அழிப்பாய். பக்கத்து ஸ்டூலில் இருக்கிறவள் அதே ஆளை வேறு ஆளாக வரைந்திருப்பாள், அவளோடு டீக்கடையில் சண்டை போடுவாய். நாலு வருஷம் இதற்குத்தான். மெரினாவில் பாறையை நெம்புகிற உழைப்பாளர் சிலை பார்த்திருப்பாய். ராய் சௌத்ரி சென்னைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், அவர் செய்தது. அதற்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் அந்தக் கல்லூரியின் காவலாளி. வாசலில் தினமும் பார்த்த ஆள்!

சித்தப்பாவின் கொட்டகையை ஃபிளக்ஸ் வந்து மூடியது. கடைசியில் பள்ளிக்கூடச் சுவரில் அ, ஆ எழுதினார். அம்மாவுக்குப் பக்கத்தில் அணில் வரைவார். அவர் வரைந்த அணில் எதுவும் இன்னொன்றைப் போல இருக்காது.

சரி, விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய். பஸ் ஏறி மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி மீனாட்சி கோயிலுக்குப் போ. 2018 தீ விபத்துக்குப் பிறகு கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை, எனக்கு அதில் பரம சந்தோஷம். வாசலில் கொடுத்துவிட்டுப் போ. முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. அடுத்த கடிதத்தில் நடிகர் படம் வேண்டாம். பெருமாள் எந்தப் பக்கம் என்று எழுது. காலண்டரைப் பார்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் கைகளைப் பற்றியும் கேட்பேன்.