கறுத்த செம்புக் காசு: கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து: ஐயா, அம்மம்மாவின் பெட்டியில் 1870ஆம் ஆண்டு ஐந்து சதக் காசு கிடைத்தது. கறுத்துப்போயிருக்கிறது. பழப்புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம் தம்பி, தயவுசெய்து வேண்டாம். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. செம்பு காற்றுப் பட்டுப் பட்டு இத்தனை வருடமாகத் தானே வளர்த்த தோல். புளி அதைக் கரைத்து, அடியில் இருக்கும் செம்பையும் அரிக்கும். அப்புறம் வரும் வெளிறிய சிவப்பைக் கண்டதுமே சேகரிப்பவர் காசைத் திருப்பித் தந்துவிடுவார். பதினான்கு வயதில் விக்டோரியா ராணியின் தலை பதித்த என் முதல் சதத்தைத் தேசிக்காயால் தேய்த்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அப்படியானால் கறுத்த காசின் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, அண்ணா?

நிறம் வேறு, தேய்வு வேறு. தரத்தைச் சொல்வது தேய்வுதான். ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, காசை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். முதலில் தேய்வது மேடான இடங்கள்: ராணியின் காதுக்கு மேலுள்ள கூந்தல், கன்னம், மறுபக்கத்தில் தாளிப்பனையின் தண்டு. கூந்தல் இழை இழையாக நின்றால், சேகரிப்பவர்கள் 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்று சொல்லும் உயர்ந்த தரத்தின் பக்கம் வரும். இழைகள் பல இடங்களில் ஒன்றாகிவிட்டால் அதற்குக் கீழே 'வெரி ஃபைன்'. வெறும் உருவக்கோடு மட்டும் என்றால் 'குட்', பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது கீழ்த்தரம். ஒன்று கவனியுங்கள்: அச்சு சரியாக விழாத காசிலும் கூந்தல் மங்கியிருக்கும். அந்த மங்கலின் மீதும் பளபளப்பு ஓடினால் அது தேய்வு இல்லை.

தெமட்டகொடையிலிருந்து: பச்சைப் புள்ளிகள் இருக்கின்றன.

கெட்டியாக, வழவழப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். வெளிர்பச்சையாக மாவு மாதிரி உதிர்ந்து, துடைத்தாலும் திரும்பத் திரும்ப வந்தால் உப்பு உள்ளே இறங்கிவிட்டது. கடற்காற்று வீசும் கொழும்பில் இதற்குக் கவனம் தேவை. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் தனியாக வையுங்கள். பிசுபிசுப்பான பச்சை என்றால் பெரும்பாலும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையின் வேலை. முதலில் உறையை மாற்றுங்கள்.

புறக்கோட்டையிலிருந்து: ஒருவர் செக்கச்செவேலென்று ஒரு 1870 சதம் காட்டுகிறார். வாங்கலாமா?

எழுத்துகளின் இடுக்கில் மட்டும் புதுக் காசின் சிவப்பு தங்கி, மேடுகள் பழுப்பேறியிருந்தால் நம்பலாம். எங்கும் ஒரே சிவப்பாக, லென்ஸில் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடினால் அது தேய்த்த காசு, வாங்க வேண்டாம். கண் பழக வேண்டுமென்றால், கோட்டையில் சதாம் வீதியில் மத்திய வங்கியின் அருங்காட்சியகம் இருக்கிறது. வாங்குமுன் அங்கே ஒரு மணிநேரம் நின்று பாருங்கள்.