கரண்ட் வைக்கப் போன இடத்தில் கிடைத்த தோழிகள்

கேள்வி: எனக்கு 47 வயது. தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூர். மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்தார்கள், அக்குள் நெறிகளையும் எடுத்தார்கள். கீமோ, அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) எல்லாம் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. கரண்ட் வைக்கக் காத்திருந்த இடத்தில் பழக்கமான நாங்கள் ஐந்து பேர் மாதம் ஒருநாள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். மனசு லேசாகிறது. ஆனால் "பேசிப் பேசியே வியாதியைத் திரும்ப வரவழைக்காதே" என்கிறார் என் வீட்டுக்காரர். எங்களில் ஒருவர் மூட்டுவலி தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். இன்னொருவர் எல்லாரையும் ஒரு கஷாயம் வாங்கச் சொல்கிறார். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் போன வாரம்தான் ஆபரேஷன் ஆனது, அவரையும் சேர்த்துக்கொள்ளலாமா? சாயங்காலமானால் என் இடது கை மோதிரம் இறுகுகிறது, அது வேறு. நாங்கள் கூடுவதைத் தொடரலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

"அது வேறு" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மோதிரத்திலிருந்தே தொடங்குகிறோம். சோப்புத் தண்ணீர் விட்டு இன்றைக்கே அதைக் கழற்றி வையுங்கள். இடது கை வளையல்களையும் கழற்றுங்கள். இந்த வாரமே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போய்க் கையைக் காட்டுங்கள்.

கையின் நிணநீர் (திசுக்களில் ஊறும் நீர்) அக்குள் நெறிகள் வழியாகத்தான் உடம்புக்குள் திரும்புகிறது. நெறிகளை எடுத்த பிறகு, அதிலும் கரண்ட் வைத்த பிறகு, அந்த வழி குறுகிப்போகிறது. அக்குள் நெறிகளை முழுதாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கைவீக்கம் வருகிறது. ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துப் பரிசோதித்தவர்களுக்கு இது மிகக் குறைவு. சாயங்காலம் இறுகிக் காலையில் தளர்வது தொடக்க நிலை. இந்த நிலையில் பிடித்தால் கட்டுப்படுத்தலாம். விட்டுவிட்டால் தோலுக்கடியில் நார்த்திசு வளர்ந்து கெட்டிப்பட்டு, பிறகு முழுதாக வடியாது. இரத்தக் கட்டோ, கிருமித் தொற்றோ, நோய் திரும்பியதோ காரணமாக இருக்கிறதா என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். அதனால் நேரே கடைக்குப் போய் நீர் பிரியும் மாத்திரை வாங்காதீர்கள், அது இந்த வீக்கத்துக்கு உதவாது. கிரேப் பேண்டேஜை வாங்கி மேல்கையில் இறுக்கிச் சுற்றுவதும் தவறு, நீர் கீழே இறங்கிப் புறங்கை வீங்கும். வீக்கம் குறையக் கையில் அணியும் அழுத்த உறை, கையை அளந்து வாங்க வேண்டியது, ஒருவருடையதை இன்னொருவர் போடக்கூடாது.

உங்கள் கூட்டம் உண்மையாகப் பயன்படக்கூடிய முதல் வேலையும் இதுவே. தன் கையைத் தானே ஒழுங்காக அளக்க முடியாது, இன்னொருவர் வேண்டும். தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும், ஆனால் புதிதாக வாங்குங்கள், பழைய டேப் இழுபட்டு அளவு தப்பும். கையை மேசைமேல் நீட்டி வையுங்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி ஓர் அளவு, மணிக்கட்டில் ஓர் அளவு. பிறகு மணிக்கட்டு எலும்பிலிருந்து மேலே 10, 20, 30, 40 செ.மீ. தூரங்களில் பேனாவால் புள்ளி வைத்து அந்த இடங்களில் அளவு. டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக்கூடாது. இரண்டு கைகளையும் அளந்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். வேலை செய்யும் கை இயல்பிலேயே கொஞ்சம் பருமனாக இருக்கும் என்பதால், ஒருமுறை அளப்பதைவிட மாதாமாதம் அளவு எப்படி மாறுகிறது என்பதே முக்கியம். எப்போதும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும், காலை அளவையும் மாலை அளவையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஏதாவது ஓர் இடத்தில் இரு கைகளுக்கும் இடையே 2 செ.மீ. வித்தியாசம் புதிதாக வந்திருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போக வேண்டும். ரவிக்கைக் கை இறுகுவதும் கை கனப்பதும் அளவு மாறும் முன்பே வரலாம், அதையும் எழுதி வையுங்கள். கை திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் நோட்டு, டேப் எதையும் தேட வேண்டாம், அன்றே மருத்துவமனை. அது தொற்று, அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும்.

சமையலறையில் தாளிக்கும்போது எண்ணெய் தெறிப்பது, அரிவாள்மனை கிழிப்பது, தோட்டத்து முள் குத்துவது இவற்றிலிருந்தே பெரும்பாலும் தொற்று நுழைகிறது. பட்ட இடத்தை உடனே கழுவி மருந்து போட்டால் போதும், பயந்து கையையே பயன்படுத்தாமல் வைப்பதில் பொருளில்லை. ஊசியும் இரத்த அழுத்தப் பட்டையும் இயன்றவரை வலது கையில் இருக்கட்டும். அவசரத்தில் யாராவது இடது கையில் குத்திவிட்டாலும் பதற வேண்டாம்.

"அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். கனடாவின் வான்கூவரில் 1996-ல் டான் மெக்கன்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த 24 பெண்களைப் பயிற்சி கொடுத்துத் துடுப்புப் படகில் ஏற்றினார். கைவீக்கம் வந்துவிடும் என்றே அப்போது எல்லாரும் எண்ணினார்கள். அவர்களில் யாருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. ஏற்கெனவே கைவீக்கம் உள்ளவர்கள் சிறு எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் வீக்கம் அதிகரிப்பதில்லை என்பதை 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றும் காட்டியது. கேடு செய்வது திடீர்ப் பாரம். ஆறு மாதம் சும்மா இருந்த கை ஒரே நாளில் நிறைகுடத்தைத் தூக்கக்கூடாது. மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்குங்கள்.

தோள் பயிற்சியைச் சேர்ந்து செய்யுங்கள். சுவரைப் பார்த்து ஓர் அடி தள்ளி நின்று, விரல்களால் சுவரில் மெல்ல ஏறுங்கள். எட்டிய இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டு மெதுவாக இறங்குங்கள். ஒரு வேளைக்கு 5 முதல் 10 தடவை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. தனியாகச் செய்கிறவர்கள் தங்களை அறியாமலே தோளைத் தூக்கியும் இடுப்பை ஒருபக்கம் சாய்த்தும் பொட்டை எட்டிவிடுவார்கள். பின்னால் நிற்கும் தோழிக்கு அது தெரியும், கண்ணாடியில் தெரியாது. அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு இழுப்பதுபோல், நரம்பு போல ஒன்று புடைத்துத் தெரிந்தால் பயப்படாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு வருவதுதான், நீட்டிப் பழகினால் பெரும்பாலும் சரியாகும், பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். கரண்ட் வைத்த இடம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட, இறுகிக்கொண்டே போகலாம். சிகிச்சை முடிந்ததும் பயிற்சியை விடுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் தோள் பிடித்துக்கொள்கிறது.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் சொன்னது. பேசுவதால் புற்றுநோய் திரும்பாது. பேசுவதால் ஆயுள் கூடும் என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். நோய் பரவிய பெண்கள் வாராவாரம் கூடிப் பேசியபோது கூடுதல் காலம் வாழ்ந்ததாக 1989-ல் அமெரிக்காவில் டேவிட் ஸ்பீகல் குழு எழுதியது. 2001-ல் கனடாவில் 235 பெண்களிடம் அதையே செய்து பார்த்தபோது ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆனால் மனவேதனை குறைந்தது, வலியும் அவ்வளவாக வாட்டவில்லை, முதலிலேயே அதிகம் தவித்தவர்களுக்குப் பலனும் அதிகமாக இருந்தது. இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் பயமும் இயல்பானதுதான். அடுத்த முறை உங்களைக் கொண்டுவந்து விட்டுப் போகச் சொல்லுங்கள்.

அதே கூட்டம் கேடும் செய்யும், உங்கள் கடிதத்திலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது. ஒரே இடத்தில் சிகிச்சை பெற்றதால் நோயும் ஒன்றே என்று தோன்றும். அப்படியில்லை. ஒருவருடைய புற்றில் ஹார்மோன் ஏற்பிகள் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களுக்கானவை) இருக்கும், ஒருவருக்கு ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கும், இந்த மூன்றுமே இல்லாத வகையும் உண்டு. மாதவிடாய் நின்றவருக்கு லெட்ரோசோல், நிற்காதவருக்கு டமாக்சிஃபென் என்று ஹார்மோன் மாத்திரையும் மாறும். "எனக்கு இது போடவில்லையே, உனக்கு ஏன் போட்டார்கள்" என்ற ஒரே கேள்வி ஒரு பெண்ணைப் பல இரவுகள் தூங்கவிடாது. அதனால் ரிப்போர்ட்டை ஒப்பிடுவதில்லை, மருந்து சொல்வதில்லை, எதையும் விற்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சீட்டுப் பிடிப்பதும் வேண்டாம், பணத் தகராறு வந்தால் நட்பும் போய்விடும்.

மாத்திரையை நிறுத்திய தோழி பெரும்பாலும் லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோல் சாப்பிடுகிறவராக இருக்க வேண்டும். காலையில் விரல் மடங்காது, முழங்கால் பிடிக்கும். அந்த வலி உண்மையானது, "பொறுத்துக்கோ" என்று சொல்லித் தட்டிக் கழிக்காதீர்கள். தினம் நடப்பது அதைக் குறைக்கும். மருத்துவரிடம் சொன்னால் சில வாரம் இடைவெளி விட்டு வேறு மாத்திரைக்கு மாற்ற வழியுண்டு. தானாக நிறுத்தினால் நோய் திரும்பாமல் காக்கும் மருந்தே போய்விடுகிறது, அதைக் குறைந்தது 5 ஆண்டு சாப்பிட வேண்டும். பெரிய மருத்துவரிடம் தனியாக நின்று "நிறுத்திவிட்டேன்" என்று சொல்லப் பலருக்கு வாய் வராது. உங்களில் ஒருவர் அவரோடு ஓ.பி.க்குப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். என்றைக்கு நிறுத்தினார், எந்த மூட்டு வலிக்கிறது என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

கஷாயம் கொடுக்கிறவர் நல்லெண்ணத்தில்தான் கொடுப்பார். ஆனால் அதில் என்ன இருக்கிறதென்று தெரியாமல், மாத்திரையோடு சேர்ந்து ஈரலை என்ன செய்யும் என்றும் தெரியாமல், அதைப் பரிமாறக்கூடாது. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, கேப்ஸ்யூலில் அடைத்த மஞ்சள் சத்து வேறு. அந்தச் சத்து இரத்தத்தில் டமாக்சிஃபென் அளவைக் குறைப்பதைச் சிறிய ஆய்வொன்று காட்டியிருக்கிறது. வாங்கியவர்கள் பாட்டிலையே கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டட்டும்.

கூடும் முறையை அதிகம் கட்டுப்படுத்த வேண்டாம். ஒன்றரை மணி நேரம் போதும். ஆட்கள் எட்டு பத்துக்கு மேல் போனால் பேசாமலே திரும்புகிறவர் இருப்பார், அப்போது இரண்டாகப் பிரியுங்கள். முதலில் கை அளவு, பயிற்சி, பிறகு ஒவ்வொருவரும் தடையில்லாமல் ஐந்து நிமிடம் பேசட்டும். அழுகிறவரை உடனே சமாதானப்படுத்தாதீர்கள், முழுதாக அழ விடுங்கள். அங்கே பேசியது அந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தாலோ, "இருந்து என்ன" என்று பேசினாலோ அது தோழிகள் மட்டும் தாங்கும் பாரம் அல்ல. மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

ஒரு நாள் உங்களில் யாருக்காவது நோய் திரும்பலாம். இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் முன்கூட்டியே பேசி வைக்காத கூட்டங்கள் அங்கேதான் உடைகின்றன. மற்றவர்கள் பயத்தில் விலகுவார்கள், அவரும் "என்னைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டாம்" என்று ஒதுங்குவார். அவரால் வர முடியாதபோது இரண்டிரண்டு பேராக அவர் வீட்டுக்குப் போவது என்று இப்போதே முடிவெடுங்கள். அந்தப் பயத்தில் ஆளாளுக்கு, உடம்பு முழுக்கப் புற்றைத் தேடும் பெட் ஸ்கேன் எடுக்க ஓடவும் வேண்டாம். அறிகுறி இல்லாதவர்களுக்கு மருத்துவர் குறித்த தேதியில் நேரடிப் பரிசோதனையும் ஆண்டுக்கொரு மாமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே)தான் வழக்கம்.

தெருவிலுள்ள பெண்ணைப் போய்ப் பாருங்கள், ஆனால் உடனே கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். 1952-ல் நியூயார்க்கில் மார்பை எடுத்துக்கொண்ட தெரேஸ் லாஸர், அதே ஆபரேஷன் ஆன பெண்களைப் போய்ப் பார்க்கத் தொடங்கினார். கைப்பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்தும் கயிறும், ஜாக்கெட்டுக்குள் வைக்கத் தற்காலிகப் பஞ்சு மார்பும் கொண்டுபோவார். மருத்துவர்கள் பலருக்கு முதலில் அது பிடிக்கவில்லை. 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. போய்ப் பார்க்கிறவர் சிகிச்சை முடிந்து ஓராண்டாவது ஆனவராக இருப்பது நல்லது, சொந்தப் பயம் கொஞ்சம் ஆறியிருக்கும். உங்களுக்கு நான்கு மாதம்தான் ஆகிறது, ஐவரில் யாருக்குச் சிகிச்சை முதலில் முடிந்ததோ அவரோடு சேர்ந்து போங்கள்.

போனால் அரைமணி நேரம் போதும். உங்கள் கதையை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். முன்பக்கம் திறக்கும் தளர்ந்த நைட்டி ஒன்றும், டிரெயின் பையை (புண்ணில் ஊறும் நீர் குழாய் வழியாகச் சேரும் பை) தோளில் மாட்ட ஒரு துணிப்பையும் கொண்டுபோங்கள். டிரெயின் எடுக்கும்வரை கையைத் தோளுக்கு மேலே உயர்த்தச் சொல்லாதீர்கள். புண் ஆறும்வரை மெல்லிய பருத்தித் துணிக்குள் பஞ்சு வைத்தது போதும். கனமான சிலிகான் மார்பு ஆறேழு வாரம் கழித்து, மருத்துவர் சொன்ன பிறகு. எதிரே கணவரோ மாமியாரோ இருந்தால் இது ஒட்டும் நோய் அல்ல, தட்டு டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம் என்பதை அவர்கள் காதில் விழும்படி சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் இல்லை, துணைக்குப் போகிறவருக்கும் பெரும் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்க வேண்டும். இதை வீட்டு ஆண்களிடம் சொன்னால் உடனே செய்வார்கள்.

அவருக்குக் கீமோ தொடங்கினால் உங்கள் ஐவருக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். முறை வைத்துத் தினம் ஒருவர் போன் செய்து, "காய்ச்சல் பார்த்தாயா, எவ்வளவு?" என்று எண்ணையே கேளுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிட்டால் காய்ச்சல் மறைந்து தொற்று வளரும். அந்த நேரத்தில் வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது, வீட்டில் குழந்தைகளோடு யார் இருப்பது என்பதை முதல் கீமோவுக்கு முன்பே பேசி எழுதி வையுங்கள்.