மதிப்புரைக்குப் பொருள் தேடுவது எப்படி?

கேள்வி: சிறுகதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுத அமர்ந்தால் கதைச்சுருக்கமே வந்து விழுகிறது. பேசுபொருளை எவ்வாறு கண்டடைவது? – வாசகி, கொக்குவில்

பதில்: இரண்டாம் வாசிப்பில், உங்களைத் தடுத்து நிறுத்திய இடங்களை மட்டும் பென்சிலால் குறியுங்கள், குறிகள் எங்கே குவிகின்றனவோ அங்கேதான் உங்களுக்குரிய பொருள் இருக்கிறது. பாத்திரங்கள் 'என்ன செய்யிறியள்?' என்று யாழ்ப்பாணப் பேச்சில் உரையாட, கதைசொல்லி மட்டும் ஏட்டுத்தமிழில் விலகி நிற்கிறார் என்றால், அந்த இடைவெளி யாரை உயர்த்துகிறது, யாரைத் தாழ்த்துகிறது என்று கதைதோறும் சோதியுங்கள். பேச்சுமொழியை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் ஒதுக்க, முற்போக்கு எழுத்தாளர்கள் எதிர்த்து நின்ற 1960களின் ஈழத்து இலக்கிய மரபுப் போராட்டத்தோடு அதைப் பொருத்திப் பார்த்தால், ஒரு பந்தியில் முடியவிருந்த கவனிப்பு முழு மதிப்புரையாக விரியும். ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்புக்கு இரண்டு வரி போதும் (அட்டைப்படப் புகழ்ச்சிக்கு அதுவும் வேண்டாம்). உங்கள் கருத்துக்கு ஒத்துவராத கதை இருந்தால், மறைக்காமல் மேற்கோளுடன் எடுத்துக்காட்டுங்கள்.