கோத்தர் இசைக்குக் காரைக்குடியில் ஓர் இடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மாநகராட்சியாகிவிட்ட எங்கள் ஊரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மூன்று நாள் கலை விழா நடத்த எண்ணியுள்ளோம். நம் வட்டாரக் கலைகளோடு நீலகிரிப் பழங்குடியினரின் இசையும் ஓவியமும் இடம்பெற வேண்டும் என்பது எங்கள் விருப்பம். நிகழ்ச்சியை எப்படி அமைப்பது? (காரைக்குடி வாசகர்)

பதில்: உங்கள் எண்ணம் பெரும் மகிழ்ச்சி தருகிறது. 1939 முதல் கம்பனுக்கு விழா எடுத்துவரும் ஊருக்கு, அவை கூட்டி ஊன்றிக் கேட்கும் பழக்கம் புதிதன்று. ஆனால் பழங்குடியினரின் இசை, அழைத்தவர் விரும்பியபடியெல்லாம் வாசித்துக் காட்டுவதற்கானது அன்று. நீலகிரியில் ஏழு ஊர்களில் வாழும் கோத்தர், கொள் என்னும் ஊதுகருவியையும் பறை வகைத் தோற்கருவிகளையும் கொண்டு எழுப்பும் இசையில் தெய்வத்துக்கு உரியது, ஆட்டத்துக்கு உரியது, சாவுக்கு உரியது என்ற பிரிவுகள் உண்டு. திருப்பூட்டு (தாலி கட்டும் சடங்கு) நடக்கும் வீட்டின் வளவில் நாம் ஒப்பாரி பாடச் சொல்வதில்லை. புரவியெடுப்பில் ஊரார் சுமந்து அய்யனார் கோயிலுக்குக் கொண்டு செல்லும் மண் குதிரையை, பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக வழியில் ஒரு மேடையில் இறக்கி வைக்கச் சொன்னால் நம் பெரியவர்களும் குதிரையைச் செய்த வேளாரும் ஒப்புவார்களா? 'உங்கள் சாமிப் பாட்டைப் பாடிக் காட்டுங்கள்' என்று ஒரு குழுவைக் கேட்பதும் அத்தகையதே.

ஆகவே நிகழ்ச்சி நிரலை இங்கே எழுதி அங்கே அனுப்பாதீர்கள். ஊர்ப் பெரியவர்களை நேரில் கண்டு பேசி, வெளியூரில் வாசிக்கத்தக்கவை எவை என்பதை அவர்களே சொல்லட்டும். நாளையும் அவர்களைக் கேட்டே குறியுங்கள்; டிசம்பர், ஜனவரியை ஒட்டிக் கோத்தருக்குக் கம்பட்டராயர் திருவிழா வருவதால், நமக்கு வசதியான பொங்கல் விடுமுறை அவர்களுக்கு ஊரை விட்டு வர இயலாத காலமாக இருக்கலாம். அழைப்பிதழில் 'மலைவாழ் மக்கள் நடனம்' என்று பொதுவாக அச்சிடாமல், கோத்தர் என்றும் இருளர் என்றும் அவரவர் பெயரை அச்சிடுங்கள். தமிழ்நாட்டில் பட்டியலிடப்பட்ட பழங்குடிகள் 37 இருக்க, எல்லோரையும் ஒரே சொல்லுக்குள் அடைப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: பழங்குடிக் கலைஞர்களையும் நம் கரகாட்ட, ஒயிலாட்டக் கலைஞர்களையும் ஒரே மேடையில் கலந்து ஆடச் செய்தால் கூட்டம் சேரும் என்கிறார்கள். செய்யலாமா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: வேண்டாம். இரு தரப்பினரும் பல நாள் உடனிருந்து, தாங்களே விரும்பிச் செய்தால் அது வேறு. விழாவுக்கு முதல் நாள் மாலை ஒத்திகை பார்த்துச் சேர்ப்பதில் இரண்டு ஆட்டமும் தம் தாளத்தை இழக்கும். மேலும் கோத்தரும் இருளரும் வட்டமாக ஆடுபவர்கள். அவர்களுக்கு உயர்ந்த மேடையைவிடச் சமதளமான பொட்டலே பொருந்தும். பார்ப்பவரும் சுற்றிலும் நின்று பார்க்கலாம். 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் நாட்டார் கலைகளைப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டு சென்றதை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். கூட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022-இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசியத் திரைப்பட விருது அறிவிக்கப்பட்டபோது, அவருடைய குரலை மொழி கடந்து மக்கள் ஏற்கெனவே விரும்பிக் கேட்டிருந்தார்கள்.

கேள்வி: தோடரின் பூத்தையலையும் குறும்பர் ஓவியங்களையும் விழாவில் விற்பனைக்கு வைக்கலாமா? (ஆத்தங்குடி வாசகி)

பதில்: தாராளமாக வைக்கலாம். நம் கொட்டான் கடைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தோடர் பூத்தையலும் நம் கொட்டானும் புவிசார் குறியீடு பெற்றவை. வெள்ளைத் துணியில் இழைகளை எண்ணி எண்ணிக் கறுப்பு, சிவப்பு நூலால் தோடர் பெண்கள் தைக்கும் வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பது, பனை ஓலையை வகிர்ந்து சாயமேற்றிக் கொட்டான் முடையும் பெண்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மண்ணையும் இலைச்சாற்றையும் வேங்கைப் பிசினையும் வண்ணமாக்கி வரையும் குறும்பர் ஓவியருக்கு, வரைந்து காட்டவும் ஓர் இடம் ஒதுக்குங்கள். விலையை அவர்களே குறிக்கட்டும். பேரம் பேச வேண்டாம் என்று கடை முகப்பில் ஒரு பலகை எழுதி வையுங்கள். விற்ற பணத்தை அன்றன்று மாலையே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.